மேற்கே பார்த்த பாறையும் ஏழாவது யோசனையும்

மேற்கே பார்த்து நிற்கிற ஒரு பாறையின் மேல் ஏறிக்கொண்டு சூரியோதயம் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் அச்சடித்து யோசனை சொன்னவன் நான். யாராவது ஒருவர் காதில் மட்டும் சொல்லியிருந்தால் பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடலாம். புத்தகமாகப் போட்டுத் தொலைத்துவிட்டேன்.

‘கொல்லிமலை காணச் செல்வோருக்குச் சில யோசனைகள்’ என்பது அதன் பெயர். முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் ஓர் அருவி விழுந்துகொண்டிருக்கும். அதுவும் கொல்லிமலை அருவி இல்லை, அச்சகத்து மூலையில் சும்மா கிடந்த படப் பிளாக். உள்ளே பதினெட்டு யோசனைகள். ஏழாவது இப்படிப் போகும்: “வாழவந்தி நாட்டு விளிம்பிலுள்ள பெரும்பாறைக்கு விடியுமுன் சென்றுவிடுக. உதயக் காட்சி கண்கொள்ளாதது. வெயில் ஏறுமுன் திரும்பிவிடுதல் நலம்.”

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எனக்குக் கார்டு போட்டார். நான் சொன்னபடியே குடும்பத்தோடு போய் நின்றார்களாம். சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் உதித்ததாம். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவர் மனைவிக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டதாம். கீழே பார்த்தால் ஒரே இருட்டு. ‘தாங்கள் அந்தப் பாறைக்கு எப்போதாவது போனதுண்டா?’ என்று கேட்டு, கேள்விக்குறியை வாத்தியார்கள் போடுகிற மாதிரி பெரிதாகப் போட்டிருந்தார்.

போனதுண்டு. வெட்கக்கேடே அங்கேதான் இருக்கிறது. போகாதவன் தப்பாக எழுதினால் அது வியாபாரம். போனவன் தப்பாக எழுதினால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

தைலப் புட்டியும் மூக்குக்கண்ணாடியும் இல்லாமல் வாசலைத் தாண்டாத என் வயசுக்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நமக்கெல்லாம் இப்போது எதையும் சரிசெய்கிற காலம் போய்விட்டது. உட்கார்ந்து கேட்கிற பொறுமையாவது இருக்கும்.

*

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, எனக்கு ஏழு வயசு. அப்பா மலைமேல் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. மேசை ஒன்று, பெட்டி ஒன்று, ஒழுகுகிற கூரை ஒன்று, அவ்வளவுதான் அலுவலகம். ஐப்பசியில் ஏறினோம். பஸ்ஸும் இல்லை, பஸ் போக ரோடும் இல்லை. அடிவாரத்தில் விடிய நடக்கத் தொடங்கி, பொழுது சாயும்போது மேலே போய்ச் சேர்ந்தோம். அம்மா அப்போது நாலு மாசம். டோலியில் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாக நடந்தாள். நான் சுமைக்காரர் தோளில் போனேன்.

சுமைக்காரர் என்று நாங்கள் கூப்பிட்டவர் மலைக் குடியானவர்தான். சாமைக் காடும் நாலு பலாமரமும் அவருக்கு இருந்தன. அலுவலகப் பெட்டியை ஏற்றி இறக்கி, சந்தைக்குப் போகிற நாளில் தபாலும் கொண்டுவருவார். அவர் தலைமுடியில் புகையும் தேனும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். வழியெல்லாம் அந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். இன்றைக்கும் எங்காவது ஈரவிறகு புகைந்தால் என் விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன.

மலையில் எனக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று குளிர், மற்றது கொயினா. மலைக்காய்ச்சல் பயத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா எல்லாருக்கும் கொயினா மாத்திரை கொடுப்பார். தகர டப்பியை அவர் திறக்கிற சத்தம் கேட்டாலே என் நாக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். அதற்குப் பிறகு அம்மா ஒரு மலைவாழைப்பழம் தருவாள். கசப்பும் இனிப்பும் தொண்டையில் சண்டை போட, காய்கிற மிளகு வாசனையில், ஈரக் கம்பளிக்குள் படுத்துத் தூங்குவேன். அந்தக் கம்பளி எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கம்பளி வாங்கினேன். எதுவும் அந்தமாதிரி நாறவில்லை.

மேலதிகாரிகளின் குடும்பங்கள் அவ்வப்போது மலை பார்க்க வரும். வருகிற எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அப்பா சலித்துப்போய், சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டில் யோசனைகள் எழுதத் தொடங்கினார். அந்த நோட்டைத்தான் பின்னாளில் நான் அச்சடித்தேன். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றிவிடவும். கழற்றாவிட்டால் மலைக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் பழமும் விற்கமாட்டார்கள். அவசரம் இல்லாதபோது யாரிடமும் வழி கேட்கவேண்டாம். கேட்டால் அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நமக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார், அன்றைக்கு அவர் வேலை கெடும். இதெல்லாம் அப்பா கண்ணால் கண்டு எழுதியவை. இன்றைக்கும் செல்லும்.

ஏழாவது மட்டும் அப்படி இல்லை. அப்பாவுக்கு உயரமான இடத்தில் தலை சுற்றும். அந்தப் பாறைக்கு நாற்பதடி முன்னாலேயே ஒரு பலாமரம் உண்டு. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “போய்ப் பாருங்க, பிரமாதமா இருக்கும்” என்று விருந்தாளிகளை அனுப்பிவைப்பார். விளிம்புக்கு அவர் போனதே இல்லை. வேறெந்த மலையிலோ சூரியோதயம் பார்த்த ஒரு துரைசானி அதைப்பற்றி வியந்து சொல்ல, மலை என்றால் உதயம், உதயம் என்றால் விளிம்பு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். விளிம்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதைப் பலாமரம் அவருக்குச் சொல்லவில்லை.

*

அந்தப் பாறையில் நின்றால் கீழே அம்மாவின் ஊர் தெரியும்.

சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம், மலையின் காலடியிலேயே ஒண்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர் அது. கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண்களோடு விறகு பொறுக்கப் போன அம்மா, பாறையிலிருந்து தன் வீட்டுப் புளியமரத்தையும் சுண்ணாம்புச் சுவரையும் பார்த்துவிட்டு வந்தாள். அன்று ரசத்தில் உப்பு இல்லை. அப்பா அதைச் சொன்னபோது, இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. காரணம் என் காதுகள். எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்தவேண்டும்? மாமா வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். காலையிலேயே வரச்சொல்லியும் ஒருத்தருக்கு வர மனசில்லை என்றால் நாம் என்ன செய்வது என்று அப்பா, தன் பெரியப்பா மகன் மடியில் என்னைத் தூக்கி வைத்துவிட்டார். இரண்டாவது காதில் ஊசி ஏறுகிற சமயம் மாமா சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார். பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். அப்படியே திரும்பி நடந்துவிட்டார். நான் அழுத அழுகையில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை என்பார்கள். என் அழுகை அந்த வயசிலிருந்தே அகால நேரத்தில்தான் வரும்.

“உங்க ஊர்க்காரங்க எந்திரிக்கவே எட்டு மணியாகும்” என்று அப்பா பிறகெல்லாம் அம்மாவைச் சீண்டுவார். பாத்திரம் சத்தமாக வைக்கப்படும்.

இப்போது அடுத்த பிள்ளை வயிற்றில். ஏழாம் மாசத்துக்கு மேல் பெண்ணைப் பிறந்த வீட்டார் வந்து அழைத்துப்போகவேண்டும். கூப்பிடாமல் போவது கிடையாது. அவமானப்பட்ட அண்ணன் எங்கள் வாசல் ஏறிக் கூப்பிடமாட்டார். அம்மாவுக்கோ எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரிடம் அதைச் சொல்ல முடியாது. அழைப்பை மூன்றாம் ஆள் வாயில் கொடுத்தனுப்புகிற பழக்கமும் மாமா வீட்டில் இல்லை. ஆக, கூப்பிடவும் வேண்டும், யாரும் வந்து கூப்பிடவும் கூடாது.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்ன வயசில் அண்ணனும் தங்கையும் உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடுவார்களாம். இப்போது மாமா வீட்டில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று இருந்தது, அத்தையின் சீராக வந்தது. அம்மா சுமைக்காரரிடம் சொல்லியனுப்பினாள்: தை முதல் வெள்ளிக்கிழமை, பொழுது கிளம்புகிற நேரத்துக்கு நான் பாறையில் நிற்பேன். கோபம் இல்லையென்றால் கண்ணாடி காட்டச் சொல்லுங்கள். அது வந்து கூப்பிட்ட மாதிரி. மறுநாளே இறங்கி வந்துவிடுவேன்.

ஏன் பொழுது கிளம்புகிற நேரம்? அப்பாவின் ஏழாவது யோசனைதான் காரணம். ஏழு மாச வயிற்றோடு பாறைக்குப் போக வேறு சாக்குக் கிடையாது. யோசனையில் எழுதியிருக்கிறபடி உதயம் பார்க்கப் போகிறேன் என்றால் அப்பா மறுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டாள். அப்படியே ஆயிற்று. தன் நோட்டை மதித்து ஒருத்தி கிளம்புகிறாள் என்றதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெயில் ஏறுமுன் திரும்பிவிடு என்று மட்டும் சொன்னார். அன்று மேலதிகாரி ஒருவர் முகாம் வருகிறார், ஒன்பது மணிக்குள் இலை போட்டாகவேண்டும்.

சுமைக்காரர் திரும்பி வந்து பதில் சொன்னபோது நான் அடுப்படியில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். “சொன்னேனுங்க அம்மணி. தூணைப் புடிச்சுட்டு கொஞ்சநேரம் நின்னாருங்க. அப்புறம் செரின்னாரு.”

வேறு ஒன்றும் சொல்லலையா என்று அம்மா கேட்டாள்.

“எங்க ஊட்டுப் புள்ள நடக்குதான்னு கேட்டாருங்க. மலையேறினப்ப நடந்துதான் வந்துதுன்னேன்.”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். சுமைக்காரர் முன்னால், அம்மா நடுவில், நான் கடைசியில். புல்லெல்லாம் பனி. கணுக்காலில் ஈரம் ஏறி முழங்காலுக்கு வந்துவிட்டது. பாறை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. அப்போது எனக்கு ஐஸ்கட்டி தெரியாது. பின்னாளில் முதன்முதலாக ஐஸ்கட்டியைத் தொட்டபோது, பாறை மாதிரி இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

“கீழ எங்கியாச்சும் மினுக்குச்சுன்னா சொல்லு கண்ணு” என்றாள் அம்மா. மாமா ஒரு வேடிக்கை காட்டப்போகிறார் என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

பின்கழுத்தில் சூடு பட்டது. பொழுது கிளம்பிவிட்டது. நாங்கள் கீழே பார்த்தபடி நின்றோம். அந்தக் காட்சி எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது, அதை அன்று யாரும் எனக்குப் படித்துச் சொல்லவில்லை என்பதுதான் குறை. வெகுதூரத்தில், அடிவானத்தை ஒட்டி, வயல்களெல்லாம் மஞ்சளாக மின்னின. கிட்டத்தில், மலையின் காலடியில், கருநீலமாக ஓர் இருட்டு விரிந்திருந்தது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு மெல்ல மெல்ல, கம்பளியை யாரோ காலடியிலிருந்து இழுக்கிற மாதிரி, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏழு வயசுக்காரன் அதை எவ்வளவு நேரம் பார்ப்பான்?

நான் பக்கத்துப் புதரைப் பார்த்தேன். சிலந்தி வலை ஒன்றில் பனித்துளிகள் வெயில் பட்டு மின்னின.

“மினுக்குதும்மா” என்றேன்.

அம்மா திரும்பிய வேகத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் விரல் போன திசையில் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். நல்லாருக்குது கண்ணு என்று சொல்லிவிட்டு மறுபடி கீழே பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு நான் குளிருது என்றேன். பசிக்குது என்றேன். சுமைக்காரர் மடியிலிருந்து ஒரு பழம் கொடுத்தார். தின்றுவிட்டு மறுபடி பசிக்குது என்றேன். போலாம் போலாம் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருப்பாள்.

வெயில் எங்கள் முதுகில் நன்றாக ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள்.

சுமைக்காரர் எழவில்லை. குந்தின இடத்திலிருந்தே சொன்னார்: “செத்த உக்காருங்க அம்மணி. கீழ இன்னும் விடியலீங்க.”

நான் சிரித்துவிட்டேன். கழுத்து சுடுகிறது, இந்த மனிதர் விடியவில்லை என்கிறாரே. சுமைக்காரர் உட்கார்ந்தால் எழ மனசு வராத ஆள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருந்ததால் அதுவும் சேர்ந்துகொண்டது. அம்மா சிரிக்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“ஊரெல்லாம் வெயில் அடிக்குதுங்கண்ணா. எங்க ஊட்டு வாசல் மட்டும் இருட்டாக் கெடக்குது. போதும், வாங்க. அங்க இலை போடோணும்.”

வரும்போது என் கையைப் பிடித்து வந்தவள், போகும்போது பிடிக்கவில்லை. நான் அதைக்கூட அப்போது சௌகரியம் என்றுதான் நினைத்தேன்.

மேலதிகாரி ரசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் கைகழுவப் போன சமயத்தில், உதயம் எப்படி என்று அப்பா ஆவலாகக் கேட்டார்.

“நீங்க எழுதியிருக்கற மாதிரியேதானுங்க இருந்துச்சு” என்றாள் அம்மா.

அப்பா அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து, ஏழாவது யோசனைக்கு நேரே நீலப் பென்சிலால் ஒரு குறி போட்டு, ‘நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதினார். பதினெட்டில் அந்தக் குறி பெற்றது அது ஒன்றுதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பி அச்சுக்குக் கொடுத்ததும் அந்தக் குறியைப் பார்த்துத்தான்.

இனி மாமா வீட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சுமைக்காரரிடம் அம்மா சொல்லிவிட்டாள். ஒருதரம் கூப்பிடச் சொல்லிக் கேட்டாயிற்று. இரண்டாம் தரம் கேட்டால் அதற்குப் பெயர் பிச்சை.

பங்குனியில் தங்கை மலைமேலேயே பிறந்தாள். பிறந்த வீட்டார் நிற்கவேண்டிய இடத்தில் சுமைக்காரரின் மனைவி வந்து நின்றார். விளக்கெண்ணெயும் ஒரு கோழியும் மடிநிறைய மஞ்சளும் கொண்டுவந்தார். மூன்று நாள் தன் வீட்டுக்கே போகவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அம்மா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். வலி என்று நினைத்தேன். சித்திரையில் அப்பாவுக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. கிழக்குப் பக்கமாக, வேறு பாதையில் இறங்கினோம். அம்மா கேட்டுக்கொண்டதாக அப்பா சொன்னார்.

தங்கைக்குக் காது குத்தவே இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் குத்தக்கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். கல்யாணம் நிச்சயமான பிறகு தங்கை தானே ஒரு நகைக்கடையில் போய் நாற்காலியில் உட்கார்ந்து குத்திக்கொண்டு வந்தாள்.

*

புத்தகம் வந்த மறுவருஷம், தை மாசம், மாமா போய்விட்டார். மாமன் மகன் தந்தி கொடுத்திருந்தான். அப்பா அதற்கு வெகுநாள் முன்பே போயிருந்தார். சாவுக்குப் போக யாரும் வந்து கூப்பிடவேண்டியதில்லை. அம்மா கிளம்பிவிட்டாள். அறுபத்தெட்டு வயசில் பிறந்த வீட்டு வாசலை மிதித்தாள்.

மறுநாள் காலை. வந்த கூட்டம் கலைந்து, வாசலில் நாங்கள் நாலைந்து பேர்தான். அம்மாவும் அத்தையும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் குளிரில் பல் கிட்டிப்போய்ச் சால்வைக்குள் ஒடுங்கி நின்றேன். கைக்கடிகாரத்தில் மணி எட்டு தாண்டிவிட்டது. வாசலில் ஒரு பொட்டு வெயில் இல்லை. இந்த ஊரில் சூரியனும் துக்கம் காக்கிறதா என்று மாமன் மகனிடம் கேட்டேன். என் நகைச்சுவை எங்கேயும் வாயை மூடாது.

“எங்க ஊருக்கு வெயில் எட்டரைக்குத்தானுங்க மச்சான். மலை வுடோணுமில்ல” என்றான் அவன்.

கிழக்கே பார்த்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து வானத்தில் பாதி உயரத்துக்கு மலை நின்றது. அதன் விளிம்பு மட்டும் நெருப்புக் கம்பி மாதிரி ஒளிர்ந்தது. மேலே விடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். நாங்கள் இன்னும் அதன் நிழலுக்குள் இருந்தோம்.

எனக்கு ஏதோ உறைத்தது. ஆனால் என்னவென்று பிடிபடுவதற்குள், கூடத்துச் சுவரில் சாத்தியிருந்த நிலைக்கண்ணாடியைக் காட்டி அத்தை பேச ஆரம்பித்துவிட்டார். அதன் ஒரு மூலை உடைந்திருந்தது.

“எங்கப்பன் ஊட்டுச் சீருங்க அம்மிணி. நீ மலைல இருந்தப்ப ஒரு வெள்ளிக்கெழமை இதைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னாரு பாரு உங்கண்ணன். வெயில் உளுந்ததுலருந்து உச்சிப்பொழுது வரைக்கும். என்ன பைத்தியமான்னு கேட்டேன். பொறந்தவளைக் கூப்புடறேன், அக்கட்டால போன்னாரு.”

அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு மட்டுமா? அந்தத் தையில அத்தனை வெள்ளியும் நின்னாரு. கடைசி வெள்ளி கை நழுவி இந்த மூலை போச்சு. அப்புறந்தான் உள்ள கொண்டாந்து வெச்சாரு. அவ பாத்திருப்பா, வரப் புடிக்கலைன்னு சொன்னாரு. அதோட சரி. அந்தப் பேச்சையே எடுக்கல.”

அம்மா எழுந்து போய்க் கண்ணாடியின் உடைந்த மூலையைத் தொட்டுப் பார்த்தாள். மாமன் மகன் என்ன நினைத்தானோ, அதைத் தூக்கி வந்து வாசலில் வைத்தான். தெருக்கோடியில் வெயிலின் கோடு தெரிந்தது. அது புளியமரத்தைத் தாண்டியது, மாட்டுக் கட்டுத்தறியைத் தாண்டியது, வாசலுக்குள் வந்தது. கண்ணாடியின் காலைத் தொட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பாறைமேல் நின்று நான் பார்த்து அலுத்துப்போன அதே கோடு. அன்று இன்னும் கொஞ்சநேரம் பசியைப் பொறுத்துக்கொண்டிருந்தால் போதும்.

கண்ணாடியிலிருந்து வெளிச்சம் கிளம்பி மலைப்பக்கம் போயிற்று. அம்மா அது போன திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பொறந்த ஊரு வெயிலை நானே மறந்துட்டேனுங்க அண்ணி” என்றாள். “கண்ணாலமாவற வரைக்கும் இதே வாசல்ல குளுருல நின்னு, எப்படா வருமுன்னு பாத்தவ நான். மலைமேல போயி நாலு மாசத்துல மறந்துட்டேன்.”

அத்தைக்கு அது விளங்கவில்லை. ஆறுதலுக்கு அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு அங்கே இன்னொன்றும் தோன்றியது. காலையில் வாருங்கள் என்று சொன்ன என் காதுகுத்துக்கும் மாமா இந்த வாசலிலிருந்து, இந்த வெயிலைப் பார்த்துத்தானே கிளம்பியிருப்பார்? நிரூபிக்க முடியாது. சொல்லவேண்டியவர் போய்ச்சேர்ந்தாயிற்று, மிச்ச சாட்சி என் இரண்டு காதுகள்தான்.

*

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள். மலை கூடவே வந்துகொண்டிருந்தது. நான்தான் அன்று உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்ல நினைத்தேன். நம் வயசில் இப்படிப்பட்ட வார்த்தைகள் வாய்க்குள் வரும்போதே தைல வாசனை அடிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே எழுதுகிறவன் வழக்கமாகச் செய்கிற காரியத்தைச் செய்தேன். துக்கத்தை விட்டுவிட்டு அச்சுப்பிழையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த பதிப்பில் ஏழாவது யோசனையை மாற்றிவிடப்போகிறேன் என்றேன். ‘பொழுது கிளம்பியதும் திரும்பிவிடவேண்டாம். பாறையில் உட்காருங்கள். பசித்தால் பழம் தின்னுங்கள். பிள்ளைகள் அழுதால் அழட்டும். கீழே வெயில் வருகிற வரைக்கும், ஒன்றரை மணி நேரம் ஆனாலும், காத்திருங்கள்.’ இப்படிப் போட்டுவிட்டால் இனி ஒருவரும் ஏமாறமாட்டார்கள் என்று, கொஞ்சம் குரல் தழுதழுக்கவே சொன்னேன். எனக்கே அது நன்றாக இருந்தது.

அம்மா மலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

“போடு கண்ணு” என்றாள். “ஆனா அவிங்க அத்தன நேரம் உக்காந்துட்டு என்னத்தப் பாக்கறது? அவிங்களுக்கெல்லாம் கீழ யாரு கண்ணாடி புடிச்சுட்டு நிக்கப்போறாங்க?”